ஒரே பூசையில் இரண்டு கருத்து

ஆகஸ்ட் 24, வியாழன்

ரேஷனில் பச்சரிசி இல்லை, புழுங்கல்தான் கிடைத்தது. மாவு ஆட்டினேன். மாலையில் ஜெனோவாவைக் கோயில் பங்கு மன்றத்தில் நடக்கும் பெண்கள் கூட்டத்துக்குக் கூட்டிப் போனேன். மருமகளைத் தனியாக அனுப்ப மனமில்லை. எனக்காகப் போகவில்லை என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

போன வருடப் புயலில் எங்கள் ஊர்ப் படகு ஒன்று திரும்பவில்லை. ஏழு பேர் போனார்கள். ஜெபமணி ஒருவனைச் சரக்குக் கப்பல்காரர்கள் கடலிலிருந்து தூக்கிக் கரை சேர்த்தார்கள். இரண்டு பேருடைய உடல் கிடைத்தது. மீதி நான்கு பேரில் என் மகன் கிளாட்வின் ஒருவன். உடல் கிடைக்கவில்லை என்றால் ஆள் எங்கோ இருக்கிறான் என்றுதானே அர்த்தம். கடலில் எத்தனை தீவு இருக்கிறது. எத்தனை நாட்டுச் சிறை இருக்கிறது.

வந்திருக்கிற பெண் பெயர் கோமதி. திருநெல்வேலியிலிருந்து பஸ்ஸில் வருகிறாள். நெற்றியில் பொட்டு. வேலைக்குப் பெயர் ஆற்றுப்படுத்துநராம். மரியாதைக்காக நாற்காலி போட்டு வைத்திருந்தோம். அதை ஓரமாகத் தள்ளிவிட்டு எங்களோடு பாயில் உட்கார்ந்தாள். புத்திமதி எதுவும் சொல்லவில்லை. பெயரை மட்டும் கேட்டாள், எங்கள் பெயரை இல்லை, போனவர்கள் பெயரை. ஒவ்வொருத்தியும் சொல்லி அழுதாள். அழுகிறவளை யாரும் தட்டிக் கொடுக்க வேண்டாம், அழட்டும் என்றாள்.

என் முறை வந்தபோது, "எம் மகனுக்குப் பேரு இருக்கு. அவனே வந்து சொல்லுவான்" என்றேன்.

வாதாடுவாள் என்று எதிர்பார்த்தேன். "சரிம்மா" என்றாள்.

ஆகஸ்ட் 26, சனி

கோயிலுக்குப் போய் உபதேசியாரிடம், ஞாயிறு பூசையில் வாசிக்கும் வேண்டுதல் பட்டியலுக்கு வழக்கம்போல் என் கருத்தைச் சொன்னேன். கடலுக்குச் சென்ற கஸ்பார் மகன் கிளாட்வின் சுகமாய்த் திரும்பி வர. உபதேசியார் இப்போதெல்லாம் என் முகத்தைப் பார்க்காமலே எழுதுகிறார். நான் வாயைத் திறப்பதற்குள் பாதி எழுதிவிடுகிறார்.

மெழுகுவர்த்தி ஒரு பாக்கெட். சாம்பிராணி. கத்தரிக்காய் அரைக் கிலோ.

ஆகஸ்ட் 31, வியாழன்

இன்று கோமதி ஒரு விபரீதம் செய்தாள். போனவர்களைப் பற்றி நல்லதையே கேட்டுக் கேட்டு எனக்கு அவர்கள் யாரென்றே தெரியாமல் போய்விட்டது, ஆளுக்கொரு குறை சொல்லுங்கள் என்றாள். எல்லோரும் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். செசிலிதான் முதலில் வாயைத் திறந்தாள். அவள் வீடு எங்கள் தெருக் கடைசியில். அவள் புருஷனும் அந்தப் படகில்தான் போனான். உடல் வரவில்லை.

"எங்க வீட்டாளு குளிக்க மாட்டாரு மேடம். கடல்லயே கெடக்கேன், இதுக்கு மேல என்ன குளிக்கன்னு கேப்பாரு" என்றாள்.

யாரோ சிரித்தார்கள். அப்புறம் அணை உடைந்த மாதிரிதான். ஒருத்தியின் புருஷன் சீட்டுப் பணத்தைச் சினிமாவுக்குக் கொடுத்தவன், இன்னொருத்தியின் அண்ணன் குறட்டை விட்டால் பக்கத்து வீட்டு நாய் குரைக்கும். ஒன்பது மாதமாக இந்தப் பெண்கள் சிரித்து நான் பார்க்கவில்லை. பார்க்கப் பிடிக்கவும் இல்லை.

ஜெனோவாவும் சொன்னாள். என் பக்கம் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அவுங்க கடலுக்குப் பயப்பட மாட்டாங்க, போலீஸுக்குப் பயப்பட மாட்டாங்க. பூசைக்கு லேட்டானா மட்டும் மாமி ஏசுவாங்கன்னு பயம். ஞாயித்துக்கெழமை முதல் மணி அடிச்சா தூக்கத்துலயே எந்திரிச்சு, கண்ணைத் திறக்காமலே சட்டையை மாட்டுவாங்க. ஒரு நாளு என் நைட்டிய மாட்டிட்டு வாசல் வரை போயிட்டாங்க."

செசிலி சிரித்துச் சிரித்துப் பாயில் சாய்ந்துவிட்டாள். கோமதி என்னைப் பார்த்தாள். "எம் பிள்ளைக்குக் குறை கிடையாது" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

பூசைக்கு நேரத்துக்குப் போகச் சொல்வது ஒரு தாயின் கடமை. அதில் சிரிக்க என்ன இருக்கிறது.

செப்டம்பர் 3, ஞாயிறு

பூசை. கருத்து வாசித்தார்கள். சாம்பார்.

செப்டம்பர் 6, புதன்

மீன்கார பெர்னத்து வாசலில் கூடையை இறக்கி, விளமீன் பச்சையாக வந்திருக்கிறது, துடிக்கிறது என்றாள். வேண்டாம், நேர்ச்சை என்றேன். இவள் தினமும் கேட்கிறாள், நானும் தினமும் சொல்கிறேன். மகன் வீடு திரும்பும்வரை மீன் தொடுவதில்லை என்று மாதாவுக்கு நேர்ந்திருக்கிறேன் என்பது ஊருக்கே தெரியும்.

என் வீட்டுக்காரர் கஸ்பாருக்கும் இப்போது மீன் ஒத்துக்கொள்வதில்லை. உடம்பெல்லாம் அரித்து ஊறல் எடுக்கிறதாம். நாற்பது வருடம் கடலில் கிடந்த மனுஷருக்கு இப்போது போய் ஊறல். ஜெனோவாவுக்கு வாசனை பட்டாலே குமட்டும். ஜனவரியில் அவள் அப்படிக் குமட்டியபோது வேறு காரணமாக இருக்கக்கூடாதா என்று ஒரு வாரம் ஆசைப்பட்டேன். இல்லை.

ஆக, இந்த வீட்டில் காய்கறிச் செலவு இரட்டிப்பாகிவிட்டது.

செப்டம்பர் 7, வியாழன்

போகக்கூடாது என்றிருந்தேன். ஜெனோவா தனியாகக் கிளம்பினாள், அதனால் போனேன்.

கூட்டம் முடிந்ததும் கோமதி என்னை மட்டும் இருக்கச் சொன்னாள். நான் நேராகவே கேட்டேன், நீ எங்களுக்கு ஆறுதல் சொல்லத்தானே சம்பளம் வாங்குகிறாய், இதுவரை ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று.

"சொன்னா, எனக்காக நீங்க ஆறின மாதிரி நடிப்பீங்கம்மா. ஊருக்கு நடிச்சது போதாதா?" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. நான் நடிக்கவில்லை, காத்திருக்கிறேன் என்றேன். எவ்வளவு நேரம் காத்திருக்கிறீர்கள் என்று கேட்டாள். இது என்ன கேள்வி, எந்நேரமும்தான் என்றேன். அவள் கொஞ்சநேரம் பாயின் கோரையைப் பிரித்துக்கொண்டிருந்தாள். பிறகு, காத்திருப்பதை விட்டுவிடச் சொல்லவில்லை, ஆனால் அதற்கென்று ஒரு நேரம் வையுங்கள் என்றாள். ஜெபமாலைக்கு ஒரு நேரம், உலை வைக்க ஒரு நேரம் இருக்கிற மாதிரி. அந்த ஒரு மணி நேரம் முழு மனதோடு மகனுக்காகக் காத்திருங்கள், வேறு வேலை பார்க்க வேண்டாம். மற்ற நேரத்தில் நினைப்பு வந்தால், இரு, சாயங்காலம் வா என்று சொல்லிவிடுங்கள்.

எனக்கு ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டார்கள். எழுத்தும் கணக்கும் நானாகக் கற்றது, பைபிளையும் மளிகைச் சீட்டையும் பார்த்துப் பார்த்து. ஒழுங்கு என்றால் எனக்குத் தெரியும். இவள் எனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனாலும் ஒரு மணி நேரம்தானே. ஐந்திலிருந்து ஆறு என்று வைத்திருக்கிறேன்.

செப்டம்பர் 8, வெள்ளி. மாதா பிறந்தநாள்

கோயிலில் பாயசம் கொடுத்தார்கள்.

ஐந்து மணிக்கு வாசற்படியில் உட்கார்ந்தேன். கையில் வேலை இல்லை. தெருமுனையைப் பார்த்தேன். அவன் வந்தால் அந்த முனையில்தான் திரும்ப வேண்டும். போகும்போது போட்டிருந்த நீலச் சட்டையா, வேறு யாராவது கொடுத்த சட்டையா, தாடி வளர்ந்திருக்குமா என்று நினைத்துப் பார்த்தேன். அது ஐந்து நிமிடத்துக்குக்கூட வரவில்லை. அதற்குப் பிறகு என்ன நினைப்பது என்று தெரியவில்லை. பால் காய்ச்ச வேண்டியது நினைவுக்கு வந்தது. துணி எடுக்க வேண்டியது நினைவுக்கு வந்தது. எப்போது ஆறு அடிக்கும் என்று இருந்தது.

என் மகனுக்காகக் காத்திருக்க எனக்குச் சலிப்பாக இருந்தது என்று எழுதவே கை கூசுகிறது. பகல் முழுக்க வேலையோடு வேலையாகக் காத்திருந்தபோது இப்படி இல்லை.

செப்டம்பர் 19, செவ்வாய்

மழைக்கால வேலைகள். கொல்லைச் சாக்கடை அடைத்துக்கொண்டது, ஆள் வைத்து எடுத்தேன். உப்பும் புளியும் வாங்கி வைத்தேன்.

ஐந்து மணிக்கு உட்கார்ந்தேன். அவன் முகத்தில் மச்சம் எந்தப் பக்கம் என்று ஒரு சந்தேகம். உள்ளே போய்க் கல்யாணப் படத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். இடப்பக்கம்.

இந்தக் கோமதி என் மகனைக் கொஞ்சம் கொஞ்சமாக என்னிடமிருந்து எடுத்துக்கொண்டு போகிறாள்.

செப்டம்பர் 28, வியாழன்

சாப்பிடும்போது ஜெனோவா பேச்செடுத்தாள். நவம்பர் இரண்டு கல்லறைத் திருநாள். ஊரில் ஒவ்வொரு குடும்பமும் தங்கள் கல்லறையைச் சுத்தம் செய்து, பூ வைத்து, இறந்தவர்கள் பெயரைப் பட்டியலில் கொடுக்கும். கல்லறைத் தோட்டத்தில் அவனுக்கும் ஒரு கல் வைக்க வேண்டும், அவன் பெயரையும் கொடுக்க வேண்டும் என்றாள். சாமியாரிடம் ஏற்கெனவே கேட்டிருக்கிறாள். உடல் இல்லாவிட்டாலும் வைக்கலாம், ஆனால் தாயும் மனைவியும் ஒருமனப்பட்டு வந்து சொல்ல வேண்டும் என்று அவர் சொன்னாராம்.

"கல்லுக்கு அடியில என்னத்த வைப்ப?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் வைக்க வேண்டாம் மாமி. எனக்கு உக்காந்து அழ ஒரு எடம் வேணும். கடல்கிட்டப் போனா அது பாட்டுக்கு அலையடிச்சுட்டுக் கெடக்கு. யாரப் பாத்து அழ? நான் அழுதுட்டா எங்கயாவது போயிருவேன். அழாம எங்கயும் போவ முடியல."

அவளுக்கு இருபத்தாறு வயது. போக வேண்டும் என்கிறாள். உயிரோடு இருப்பவனுக்குக் கல் வைத்துவிட்டுப் போக வேண்டும் என்கிறாள். நான் இருக்கும்வரை நடக்காது என்று சொல்லிவிட்டேன். கஸ்பார் கையைக் கழுவிக்கொண்டு வெளியே போய்விட்டார். இப்போதெல்லாம் கடற்கரையில் முதுகைக் கடலுக்குக் காட்டி உட்காருகிறார். காற்று கண்ணில் படக்கூடாதாம்.

அக்டோபர் 8, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலைப் பூசை. கோயில் நிறைந்திருந்தது. உபதேசியார் கருத்துகளை வாசித்தார். கடலுக்குச் சென்ற கஸ்பார் மகன் கிளாட்வின் சுகமாய்த் திரும்பி வர, தாயார் என்று வாசித்தார். நான் சிலுவை போட்டுக்கொண்டேன். பிறகு ஒரு பரீட்சைக் கருத்து, ஒரு வீடு கட்டும் கருத்து. பிறகு இறந்தவர்களுக்கானது.

"இறந்த கஸ்பார் மகன் கிளாட்வின் ஆன்ம இளைப்பாற்றிக்காக..." என்று தொடங்கியவர் தான் வாசிப்பதை அப்போதுதான் பார்த்தார் போலிருக்கிறது. நிறுத்தவும் முடியாமல், குரல் இறங்கி, "மனைவி" என்று முடித்தார்.

ஜெனோவா வாரநாளில் கோயில் அலுவலகத்துப் பெண்ணிடம் எழுதிக் கொடுத்திருக்கிறாள். நான் உபதேசியாரிடம் கொடுத்திருந்தேன். இரண்டு சீட்டும் ஒரே கையில் வந்திருக்கிறது. ஒருவரும் ஒத்துப் பார்க்கவில்லை.

சாமியார் ஒன்றுமே நடக்காதது போல் பூசையைத் தொடர்ந்தார். எனக்கு இடப்பக்கம் ஜெனோவா முழங்காலில் இருந்தாள். அவள் தோள் குலுங்கியது. நான் நற்கருணை வாங்கப் போகவில்லை. அவளும் போகவில்லை. கஸ்பார் ஆண்கள் பக்கம் தூணில் சாய்ந்து நின்றார். நிமிர்ந்து பார்க்கவே இல்லை.

வெளியே வரும்போது யாரோ ஒருத்தி என் காதில் விழும்படியே சொன்னாள், "ஒரே பூசையில உயிரோட எழுப்பவும் செஞ்சாச்சு, அடக்கம் பண்ணவும் செஞ்சாச்சு. மாதாவுக்கே கொழப்பமாத்தான் இருக்கும்."

அக்டோபர் 9, திங்கள்

ஜெனோவாவோடு பேசவில்லை. தோசை.

அக்டோபர் 12, வியாழன்

நாங்கள் கூட்டத்துக்குப் போகவில்லை. கோமதி வீடு தேடி வந்துவிட்டாள். அடுப்படியில் என் எதிரே உட்கார்ந்து, கேட்காமலே சின்ன வெங்காயத்தை எடுத்து உரிக்க ஆரம்பித்தாள். ஜெனோவா அடுத்த அறையில் கதவைச் சாத்திக்கொண்டிருந்தாள்.

இரண்டு பேரையும் கூப்பிட்டுச் சமாதானம் செய்துவைப்பாள் என்று நினைத்தேன். என்ன குழம்பு என்று கேட்டாள். முருங்கைக்காய் என்றேன். கடற்கரை வீட்டில் மீன் வைப்பதில்லையா என்றாள். எனக்கு நேர்ச்சை என்றேன். அய்யாவுக்கு? ஊறல். ஜெனோவாவுக்கு? பிடிக்காது. வெங்காயம் உரிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. எழுந்து குழம்பைக் கிண்டினேன்.

ரெண்டு கருத்தும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும், இப்படி வேண்டினால் கடவுள் எதைக் கேட்பார் என்று அவளிடம் சண்டை பிடித்தேன். எங்கள் வேதத்தைப் பற்றி உனக்கு என்ன தெரியும் என்றும் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

அவள் கோபப்படவில்லை. தனக்கு வேதம் தெரியாது, ஆனால் உடல் கிடைக்காத வீடுகளுக்குப் பல வருடமாகப் போவதாகச் சொன்னாள். அங்கெல்லாம் ஒரே ஆளின் மனதிலேயே இரண்டு கருத்தும் இருக்கும், காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. உங்கள் வீட்டில் ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக்கொண்டுவிட்டீர்கள். உங்கள் பங்கையும் சேர்த்து ஜெனோவா அழுகிறாள், அவள் பங்கையும் சேர்த்து நீங்கள் காத்திருக்கிறீர்கள். இதுதான் இருவருக்கும் பாரம் என்றாள்.

அப்போது கஸ்பார் உள்ளே வந்தார். அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அய்யா, அன்னிக்கு ரெண்டு கருத்து வாசிச்சாங்களாமே. நீங்க எதுக்கு வேண்டிக்கிட்டீங்க?"

அவர் சட்டையைக் கொடியிலிருந்து எடுத்துத் தோளில் போட்டார். வெளியே போய்விட்டார்.

குழம்பு தீய்ந்துவிட்டது.

அக்டோபர் 21, சனி

ஜெனோவா என் பேச்சை மீறித் தூத்துக்குடியில் கல் வெட்டுகிறவரிடம் சொல்லி வைத்திருக்கிறாள். இன்று மத்தியானம் அவர் போன் செய்தார். பிறந்த தேதி இருக்கிறது, இறந்த தேதியில் என்ன போட என்று கேட்டாராம். கடலுக்குப் போன தேதியா, புயலடித்த தேதியா. அவள் போனைக் கையால் மூடிக்கொண்டு நடுவீட்டில் நின்றாள். என்னைக் கேட்கத் தைரியமில்லாமல், "மாமா, என்ன தேதி சொல்ல?" என்றாள்.

தேதியே கிடையாது என்று நான் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் கஸ்பார் சொன்னார்.

"டிசம்பர் மூணு."

சொல்லிவிட்டுத் தட்டிலிருந்த சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். சாப்பிடவில்லை.

ஐந்து மணிக்கு நான் வழக்கம்போல் வாசற்படிக்குப் போனேன். அவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். கல்யாணமான நாளிலிருந்து இப்படி வாசலில் என்னோடு உட்கார்ந்ததில்லை. தெருவைப் பார்த்துக்கொண்டு பேசினார். நானும் தெருவைப் பார்த்துக்கொண்டு கேட்டேன்.

ஜெபமணி தேறி எழுந்ததும் தை மாதத்தில் இவரை வலைக்கூடத்துக்கு வரச் சொல்லியிருக்கிறான். படகு கவிழ்ந்தபின் அவனும் கிளாட்வினும் ஒரு டீசல் கேனைப் பிடித்துக்கொண்டு மிதந்திருக்கிறார்கள். நாள் கணக்காக. குடிக்கத் தண்ணீர் இல்லை. கடைசியில் கிளாட்வின் உப்புத் தண்ணீரைக் குடித்துவிட்டான். குடிக்காதே என்று ஜெபமணி கெஞ்சியிருக்கிறான். குடித்தவனுக்குப் புத்தி தடுமாற ஆரம்பித்துவிட்டது. கரை தெரிகிறது என்றானாம், கோயில் விளக்கு தெரிகிறது என்றானாம். விடியக்காலையில் கையை விட்டான். அன்று பகலில்தான் அந்தக் கப்பல் வந்து ஜெபமணியைத் தூக்கியது.

"கைய விடுறதுக்கு முன்னால என்னமும் சொன்னானாங்க?" என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

கஸ்பார் தோள் துண்டை எடுத்து மடித்தார்.

"'முதல் மணி அடிச்சாச்சு, அம்மா ஏசுவா, நான் முன்னால போறேன்'னு சொன்னானாம். சொல்லிட்டு நீஞ்சிப் போனானாம்."

ஆறு அடித்தது. எழுந்து போய் விளக்குப் போட்டேன்.

அக்டோபர் 22, ஞாயிறு

டிசம்பர் மூன்று சவேரியார் திருநாள். அன்று நான் எங்கே இருந்தேன் என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

முதல் மணிக்கே கோயிலுக்குப் போய்விட்டேன். படகு வராமல் ஊரே கலங்கியிருந்த நேரம். பூசை தொடங்கியபோது பழக்கதோஷத்தில் ஆண்கள் பக்கம் திரும்பி அவன் வந்துவிட்டானா, பிந்திவிட்டானா என்று பார்த்தேன். பார்த்துவிட்டு அழுதேன். பூசை முடிந்து சவேரியார் சுரூபத்தைத் தொட்டுக் கும்பிடும்போது அவர் கழுத்து மாலை அறுந்து என் கையில் விழுந்தது. அங்கிருந்த எல்லோரும் பார்த்தார்கள். அடையாளம் என்றார்கள். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். எம் பிள்ளையைச் சவேரியார் காப்பாத்திட்டார் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தேன். அந்தப் பூவை வீட்டுப் பீடத்தில் வைத்தேன். புயல் அடித்ததிலிருந்து அன்றுதான் நன்றாகத் தூங்கினேன்.

இத்தனை மாதமாக நான் பிடித்துக்கொண்டிருந்தது அந்த மாலையைத்தான்.

இன்று பீடத்திலிருந்து எடுத்தேன். தொட்டதும் பொடிந்துவிட்டது. கோயில் பூவைக் குப்பையில் போடக் கூடாது. எங்கே போட என்று தெரியாமல் ஒரு தாளில் மடித்து வைத்திருக்கிறேன்.

அக்டோபர் 23, திங்கள்

கஸ்பாரிடம் கேட்டேன், இத்தனை மாதம் ஏன் சொல்லவில்லை என்று. நான் கருத்து கொடுக்கப் போகும்போதெல்லாம் சொல்லிவிட நினைப்பாராம். புதுச் சேலை கட்டி, பூ வைத்துப் போவேனாம். "எப்படிளா சொல்ல?" என்றார்.

அக்டோபர் 28, சனி

கோயில் அலுவலகத்துக்கு ஜெனோவாவும் நானும் போனோம். உபதேசியார் என்னைப் பார்த்ததும் வழக்கமான கருத்தை எழுதத் தொடங்கினார். கடலுக்குச் சென்ற என்பதுவரை எழுதிவிட்டார். வேண்டாம் என்றேன். பேனாவைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தார். ஜெனோவா சொல்லப் போனாள். அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன். இதை நான்தான் சொல்ல வேண்டும்.

"கல்லறைத் திருநாள் பட்டியல்ல எழுதுங்க. கிளாட்வின். வயசு முப்பது."

உபதேசியார் எழுதினார். எழுதிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

வரும் வழியில் ஜெனோவா அழுதாள், சத்தம் போட்டு, நடுத்தெருவில். நான் அழவில்லை. ஜபம் சொல்லிப் பார்த்தேன். அருள் நிறைந்த மரியே என்பதற்கு மேல் நாக்கு போகவில்லை.

நவம்பர் 2, வியாழன்

கல் சின்னது. கஸ்பார் அம்மாவின் கல்லறைக்குப் பக்கத்தில் வைத்தோம். அதற்கு அடியில் ஒரு குழி கூட இல்லை. மேல்மண்ணைக் கொத்திச் சமப்படுத்தி, அதன்மேல் கல். தாளில் மடித்து வைத்திருந்த மாலைப் பொடியை அந்த மண்ணில் போட்டேன். அதற்கு வேறு இடம் தெரியவில்லை.

மாலையில் ஊரே மெழுகுவர்த்தியோடு வந்தது. கடல் காற்று ஒரு திரியையும் நிற்க விடவில்லை. ஜெனோவா கல்லைக் கட்டிக்கொண்டு படுத்துவிட்டாள். அவள் கேட்டது கிடைத்துவிட்டது. அவளைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருந்தது.

கோமதியும் வந்திருந்தாள். தூரத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள். பிறகு என் பக்கத்தில் வந்தாள். அணைகிற மெழுகுவர்த்தியை நான் ஏற்ற ஏற்ற, காற்று வரும் பக்கம் கையை வைத்து மறைத்துக்கொண்டிருந்தாள். மெழுகு அவள் கையில் ஒழுகியது.

நவம்பர் 5, ஞாயிறு

முதல் மணி அடித்தது. பூசைக்குப் போகவில்லை.

நவம்பர் 6, திங்கள்

ஜெனோவாவின் அண்ணன் வேம்பாரிலிருந்து வண்டி கொண்டுவந்தான். அவளுடைய பீரோ, தையல் மெஷின், இரண்டு பெட்டி. கல்யாணப் படத்தை எடுத்துக்கொள்ளச் சொன்னேன். "உங்களுக்கு வேணும் மாமி" என்று வைத்துவிட்டுப் போனாள். என் கன்னத்தில் முத்தமிட்டாள். மாதம் ஒருமுறை கல்லறைக்கு வருவாளாம். வருவாள். பிறகு வருடத்துக்கு ஒருமுறை வருவாள். அப்படித்தான் இருக்க வேண்டும்.

இன்று அரிசி இரண்டு பேருக்கு அளந்தேன். அளந்துவிட்டுப் படியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தேன்.

நவம்பர் 9, வியாழன்

கோமதிக்கு இங்கே இன்றோடு கடைசி. வேலைத்திட்டம் முடிந்துவிட்டதாம், வேறு ஊர் கொடுத்திருக்கிறார்கள். தனியாகப் போனேன். பாயில் உட்கார்ந்தேன்.

எனக்கு இனி அந்த ஒரு மணி நேரத்தை என்ன செய்ய என்று தெரியவில்லை என்று அவளிடம் சொன்னேன். ஐந்து மணியானால் கால் தானாக வாசலுக்குப் போகிறது. உட்காருகிறேன். யாருக்காக உட்கார்ந்திருக்கிறேன் என்று தெரியவில்லை. அவளுக்கும் தெரியவில்லை. தெரியாதும்மா என்று ஒப்புக்கொண்டாள். வேறு யாராவதாக இருந்தால் ஜெபமாலை சொல்லுங்கள் என்றிருப்பார்கள். சொல்ல முடிந்தால் சொல்லியிருக்க மாட்டேனா.

எல்லோரும் எழுந்திருக்கும் நேரத்தில், எனக்கும் சொல்ல ஒரு குறை இருக்கிறது என்றேன். மறுபடியும் உட்கார்ந்தார்கள்.

"எம் மகன் கிளாட்வின் பூசைக்குப் பிந்துவான். நான் ஏசுவேன்" என்றேன்.

செசிலிகூடச் சிரிக்கவில்லை. கோமதி தலையைக் குனிந்துகொண்டாள். அவள் மடியில் தண்ணீர் சொட்டியதைப் பார்த்தேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று யாரோ நினைவுபடுத்தும்வரை அவளும் எழுந்திருக்கவில்லை.

நவம்பர் 11, சனி

கருத்து கொடுக்கப் போகவில்லை. துணி துவைத்தேன். பீன்ஸ் வாங்க வேண்டும்.

காலையில் பெர்னத்து வந்தாள். வாசலில் கூடையை இறக்கி, நல்ல ஊளி என்றாள். "கல்லுதான் வச்சாச்சேக்கா. இனி என்ன, நேர்ச்சை முடிஞ்சுதுல்லா? ஒரு துண்டு வாங்கி மாமாவுக்கு வச்சுக் குடுங்க" என்றாள்.

கஸ்பார் உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். வருகிற இருமலை அடக்கிக்கொண்டார்.

கூடையில் மீன் வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. வயிறு பெருத்திருந்தது. எதைத் தின்று பெருத்ததோ. நான் கண்ணை எடுத்துவிட்டேன்.

"எனக்கு நேர்ச்சையே கிடையாது பெர்னத்து. ஒரு நாளும் நேரவே இல்ல" என்றேன்.

அவள் ஈரச் சாக்கை எடுத்துக் கூடையை மூடினாள். மூடிவிட்டு, படியில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் சேலையிலிருந்து மீன் வாசனை அடித்தது. தள்ளி உட்காரட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன்.

"தெரியும்க்கா. இந்தத் தெருவுல மூணு வீட்டுல நேர்ச்சைன்னுதான் சொல்லுதாவ. செசிலியும் அப்படித்தான் சொல்லுதா" என்றாள். "எந்த வீட்டுலயும் நான் திருப்பிக் கேட்டதில்ல. தினமும் கூடைய எறக்கி வேணுமான்னு மட்டும் கேப்பேன். கேக்காமப் போனா, எனக்குத் தெரியும்னு உங்களுக்குத் தெரிஞ்சு போயிரும்லா."

கொஞ்சநேரம் இருந்துவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள். அடுத்த வீட்டில் கூவினாள். பிறகு தெருக் கடைசியில், செசிலி வீட்டு வாசலில், ஊளி ஊளி என்று கூவினாள். நேர்ச்சைக்கா என்று செசிலி சொன்னது இங்கே வரை கேட்டது.